எக்லன்டைன் ஜெப் அம்மையார்

போரில் வென்றோர் பெயரைச் சரித்திரம் எளிதில் மறப்பதில்லை. பகைவர் நாட்டுக் குழந்தைகளுக்காகத் தம் நாட்டு நீதிமன்றத்தில் குற்றவாளியாய் நின்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

எக்லன்டைன் ஜெப் 1876-ஆம் ஆண்டில், இங்கிலாந்திலுள்ள ஷ்ராப்ஷயர் பகுதியில் செல்வக் குடியொன்றிற் பிறந்தார். ஆக்ஸ்போர்டிற் சரித்திரம் பயின்று சில காலம் ஆசிரியையாக இருந்தார். அத்தொழில் அவருக்கு ஒவ்வவில்லை. முதல் உலகப் போரின்போது அவர் தங்கை டாரதி பக்ஸ்டன் அயல்நாட்டுப் பத்திரிகைச் செய்திகளை மொழிபெயர்த்து வெளியிட்டார். தமக்கையும் அப்பணியில் துணைநின்றார். பகைவர் இல்லங்களிலும் பசியுண்டென்பதைச் சகோதரியர் இருவரும் அதனால் உணர்ந்தனர்.

1918-இல் போர் ஓய்ந்தும் நேசநாடுகளின் கடல் முற்றுகை உடனே நீங்கவில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் உணவின்றி மெலிந்தனர். 1919-இல், அக்கொடுமையை விளக்கும் துண்டுப் பிரசுரங்களை லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் வழங்கியமைக்காக எக்லன்டைன் கைதானார். அபராதம் 5 பவுன். அவருக்கு எதிராக வாதாடிய அரசாங்க வழக்கறிஞரே அத்தொகையைத் தம் கையிலிருந்து அவருக்கு அளித்தார். அவ்வாண்டு மே மாதத்தில் சகோதரியர் குழந்தைகள் பாதுகாப்பு நிதியைத் தொடங்கினர். 1921-இல், ரஷ்யப் பஞ்சத்திற்கு அந்நிதியின் உணவு கப்பலேறிற்று.

இரக்கம் ஒன்றையே நம்பிக் குழந்தை வாழலாகாது எனக் கருதிய அம்மையார், குழந்தைகளின் உரிமைகளை ஐந்து விதிகளாக வகுத்தார். 1924-இல் சர்வதேச சங்கம் அவற்றை ஏற்றது. 1928-இல், தமது 52-ஆம் வயதில், ஜினீவாவிற் காலமானார். மற்றோர் உலகப் போரை அவர் காணவில்லை. அவர் வகுத்த விதிகளோ அதனைக் கடந்து நின்று, 1989-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கைக்கு முன்னோடியாயின.

பசித்த குழந்தைக்குப் பகைநாடு என்பதொன்றில்லை. இதனை நாம் மறவாதிருப்போமாக.