ஐடா ஸ்கடர் அம்மையார்

வங்கத்தில் வாழும் நம்மைத் தமிழர் என்று அறிந்தவுடன் அண்டை அயலார் முதலிற் கேட்பது வேலூர் மருத்துவமனையைப் பற்றியே ஆகும். காட்பாடி ஜங்ஷனுக்குப் பயணச்சீட்டு வாங்க வருவோரில் நோயாளிகளும் அவர்தம் உறவினரும் எத்துணைப் பேர் என்பதை ரயில்வேயில் பணிபுரியும் நம்மவர் நன்கு அறிவர். ஆயினும், அம்மருத்துவமனையைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றை முழுதும் அறிந்தோர் நம்மிடையே சிலரே.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து, பின்னர் சென்னையில் மருத்துவத் தொண்டு புரிந்த ஜான் ஸ்கடர் அவருடைய பாட்டனார். தந்தையாரும் மருத்துவரே. தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமையைக் குழந்தைப் பருவத்திலேயே கண்டவர் அம்மையார். ஆதலின் இந்நாட்டில் தங்குதல் கூடாது, அமெரிக்காவிலேயே வாழ்தல் வேண்டும் என்பதே இளமையில் அவர் கொண்ட எண்ணம். நோயுற்ற அன்னையாருக்குத் துணையாகத் திண்டிவனம் வந்ததும் சின்னாட்களில் திரும்பும் கருத்துடனேயாம்.

அங்கே ஓரிரவு, ஒருவர்பின் ஒருவராக மூவர் வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காக்குமாறு அம்மையாரை வேண்டினர். அவரோ அன்று மருத்துவம் பயிலாதவர். தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு கூறினார். அந்நிய ஆடவர் தம் மனைவியைத் தீண்டுதல் வழக்கத்திற்கு ஒவ்வாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். பொழுது விடிந்தது. மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. மருத்துவர் அருகிலிருந்தும், பெண் மருத்துவர் இல்லாமையால் மூன்று உயிர்கள் மாண்டன. தம் வாழ்க்கை எதற்குரியது என்பதை அம்மையார் அன்று தெளிந்தார்.

அமெரிக்கா சென்று பயின்று, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூர் வந்து, தந்தையார் இல்லத்தின் ஒரு சிறு அறையில், ஒரே கட்டிலுடன் தம் பணியைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே தந்தையார் மறைந்தார். அம்மையார் தனித்து நின்று உழைத்தார். ஷெல் என்னும் செல்வர் தம் மறைந்த மனைவியார் நினைவாக வழங்கிய பொருளைக்கொண்டு 1902-இல் 40 கட்டில்களுடைய மருத்துவமனை எழுந்தது. ஊர் நோக்கி வர இயலாத ஏழைகளைத் தேடி, குடியாத்தம் சாலையின் மரநிழல்களில் வாரந்தோறும் மருந்தளித்தார்.

ஒருவர் கைகள் எத்துணை நோயைத் தீர்க்கும்? பல நூறு பெண்கள் இத்தொழிலைக் கற்றாலன்றித் திண்டிவனத்து இரவு மீண்டும் மீண்டும் நிகழும் அன்றோ? இதனை உணர்ந்த அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியையும், 1918-இல் 17 மாணவியருடன் மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். பெண்கள் இதில் தேறுவரோ என்று ஐயுற்றோர் பலர். தேர்வெழுதிய 14 மாணவியரும் தேறி அவ்வையத்தை நீக்கினர்.

1930-களின் பிற்பகுதியில் பெருஞ்சோதனை நேர்ந்தது. மருத்துவப் பள்ளிகள் யாவும் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் கல்லூரிகளாக உயர்தல் வேண்டும், அன்றேல் மூடுதல் வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. அதற்கு வேண்டிய பொருளோ ஆசிரியரோ வேலூரில் இல்லை. எழுபது வயதில் அம்மையார் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942-இல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. பெண்களுக்கென்றே அமைத்த கல்லூரியில் ஆடவரைச் சேர்த்தல் அவருக்கு எளிதாக இருந்ததன்று. எனினும், கல்லூரி நிலைத்தற்கு அது வேண்டும் என உணர்ந்து இசைந்தார். 1947-இல் ஆடவரும் சேர்ந்தனர். அடுத்த ஆண்டில், தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் இயங்கச் செய்யும் அரும்பணியை டாக்டர் பால் பிராண்ட் அங்குத் தொடங்கினார்.

1960-ஆம் ஆண்டு மே மாதம் கோடைக்கானலில், 89-ஆம் வயதில் அம்மையார் இயற்கை எய்தினார். ஒரு கட்டிலில் தொடங்கிய பணி, கல்வியும் ஆராய்ச்சியும் சிகிச்சையும் ஒருங்கே நிகழும் பெருநிலையமாக இன்று விளங்குகின்றது.

அன்பர்களே! இரக்கம் நம் அனைவர்க்கும் உண்டு. ஆனால் கல்வியில்லா இரக்கம் அவ்விரவில் ஓருயிரையும் காக்கவில்லை. நம் காலனிப் பெண்மக்கள் மேலே படிக்க விரும்புங்கால், செலவைக் கூறித் தடை செய்யாதிருப்போமாக.