துப்பாக்கிக் கம்மியர் ஜோசப் மாண்டன்

ஆங்கிலநாட்டுக் கிரந்தம் நகர்க் குடும்பத்தில் 1766ஆம் ஆண்டு தோன்றிய ஜோசப் மாண்டன், தமையனார் ஜானைப் போலவே இலண்டனில் துப்பாக்கிக் கம்மியராய் விளங்கினார். பறவை வேட்டைக்குரிய இணைகுழல் துப்பாக்கியைச் செம்மைப்படுத்தியவர் அவரே. எழுந்து பறக்கும் புள்ளின் கீழே ரவை செல்லுங் குறையை நீக்கக் கருதி, குழல்களுக்கிடையே பின்புறம் உயர்ந்ததொரு பட்டையை அமைத்தார். அதன்வழிக் குறி பார்க்குங்கால் குழல் சற்றே மேல்நோக்கும். இதற்கு 1806இல் காப்புரிமை பெற்றார்.

அத்தகையாரும் 1826இல் கடனால் நொடித்து, 1835இல் மறைந்தார். ஆயினும் அவர்பாற் பணிபுரிந்த ஜேம்ஸ் பர்டி 1814இல் தொடங்கிய தொழில்நிலையம் இன்றும் நிலவுகின்றது.

துப்பாக்கி தேர்வோர் மேற்பூச்சுச் சித்திரத்தில் மயங்காது, தோளிற் பொருந்தும் அளவையும் கைக்கிசைந்த எடைச் சமனையுமே நோக்குதல் வேண்டும் என்பதை அவர் கைவினை நமக்குணர்த்துகின்றது. ஈட்டிய பொருள் அழியினும், பிறர்க்குப் பயிற்றிய தொழில் அழியாதென்றும் நாம் தெளிகின்றோம்.