தம்பிரான் தோழரும் அவரைக் கடிந்த இருவரும்

பங்குனி உத்திரம் வந்தால் அந்தமானிலும் காவடி ஆடுகிறது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், நம்மவர் எழுப்பிய வெற்றிமலை முருகன் கோயிலில் அன்று கூடும் கூட்டத்தைப் பார்ப்பவர், தாயகத்துக்கும் தமக்கும் இடையே ஒரு கடல் கிடப்பதையே மறந்துபோவர். திருநாள் என்றால் செலவு. செலவு என்றால் கவலை. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் திருவாரூரில் ஓர் இளைஞருக்கும் இதே பங்குனி உத்திரம் கவலையைக் கொடுத்தது. விழாவைச் சிறப்பிக்க மனைவி பரவையாருக்குப் பொன் வேண்டியிருந்தது. கையில் பொன் இல்லை. அவர் வணிகரிடம் கடன் கேட்கவில்லை. திருப்புகலூர் சென்று சிவபெருமானிடம் கேட்டார். அன்றிரவு தலைக்கு வைத்துப் படுத்த செங்கற்கள் விடியும்போது பொற்கட்டிகளாக இருந்தன என்று பெரியபுராணம் சொல்கிறது.

அந்த இளைஞரே சுந்தரமூர்த்தி நாயனார். தம்பிரான் தோழர் என்பது அவருக்கு வழங்கும் மற்றொரு பெயர். அவர் பெற்ற பொன்னையும் நெல்லையும் பற்றி நாம் எவ்வளவோ சொற்பொழிவுகள் கேட்டிருக்கிறோம். அவர் பெற்ற ஏச்சுகளைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. இறைவனையே தோழனாகக் கொண்டிருந்தவரை அடியார் இருவர் அஞ்சாமல் கடிந்தனர். அந்த இருவரிடமும் அவர் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில், ஆதிசைவ மரபில், சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகப் பிறந்தார் நம்பி ஆரூரர். தெருவில் தேர் உருட்டி விளையாடிய குழந்தையின் அழகில் மயங்கிய நரசிங்க முனையரையர் என்னும் சிற்றரசர், பெற்றோரிடம் கேட்டு வாங்கி அரண்மனையில் வளர்த்தார். எட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாழ்ந்தவர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து.

மணப்பருவம் வந்தது. புத்தூரில் சடங்கவி சிவாசாரியார் மகளோடு திருமணம் நடக்க இருந்த வேளையில் ஒரு கிழ வேதியர் பந்தலுக்குள் நுழைந்து, மணமகன் தமக்கு அடிமை, அதற்கு அவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை தம்மிடம் இருக்கிறது என்றார். கூட்டம் சிரித்தது. நம்பியாரூரர் அவரைப் பித்தர் என்று ஏசி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் போட்டார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போயிற்று. கிழிந்தது படி ஓலைதான். மூல ஓலை கிழவரிடம் பத்திரமாக இருந்தது! கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த அவையத்தார் கிழவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். உம் வீடு எது என்று கேட்டவர்களை அழைத்துக்கொண்டு கிழவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் போனார்; போனவர் மறைந்தார். வந்தவர் யார் என்பது அப்போதுதான் விளங்கிற்று. தம்மைப் பாடும்படி இறைவன் பணித்தான். எப்படித் தொடங்குவது என்று திகைத்தவருக்கு, முன்பு ஏசிய அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடச் சொன்னான்.

நட்பு இப்படி ஓர் ஏச்சில் பிறந்தது. ஏசியவன் மனிதன், பொறுத்தவன் கடவுள். அன்று முதல் இறைவனிடம் எதைச் சொல்லவும் அவர் கூசியதில்லை. மற்ற இருவர் தேவாரத்திலும் இல்லாத உரிமைக் குரல் ஒன்று சுந்தரர் தேவாரத்தில் கேட்கிறது. அவர் பதிகங்களில் இன்று 100 கிடைத்துள்ளன. அவையே ஏழாம் திருமுறை. அவற்றில் கெஞ்சலும் உண்டு, கேலியும் உண்டு, வெளிப்படையான சண்டையும் உண்டு.

திருவாரூர் வந்து பரவையாரை மணந்து வாழ்ந்த நாளில் முதல் கண்டனம் வந்தது. கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் அடியார் பலர் கூடியிருந்தனர். நம்பியாரூரர் அவர்களை மனத்தால் வணங்கி, இவர்களுக்கு அடியனாகும் நாள் எந்நாளோ என்று எண்ணியபடியே ஒதுங்கிச் சன்னிதிக்குப் போனார். உள்ளத்தில் இருந்தது பணிவு. ஆனால் பார்த்தவர் கண்ணுக்குப் பட்டது என்ன? அடியாரைப் பொருட்படுத்தாமல் நேரே ஆண்டவனிடம் போகும் செருக்கு. சேரநாட்டுச் செங்குன்றூரைச் சேர்ந்த விறன்மிண்டர் அங்கே இருந்தார். அவர் பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. இந்த வன்தொண்டன் அடியார் கூட்டத்துக்குப் புறம்பானவன். இவனை ஆட்கொண்ட சிவனும் புறம்பானவனே என்று சொல்லிவிட்டார்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? என் மனத்தில் இருந்தது உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்போம். அப்படிக் கேட்க அவருக்கு நியாயமும் இருந்தது. இறைவனே தம் பக்கம் என்று சொல்லவும் இடமிருந்தது. நம்பியாரூரர் இரண்டையும் சொல்லவில்லை. இறைவன் முதலடி எடுத்துக் கொடுக்க, அடியார் ஒவ்வொருவருக்கும் தாம் அடியேன் என்று பெயர் சொல்லிப் பாடினார். அதுவே திருத்தொண்டத் தொகை. தனியடியார் 60 பேர், தொகையடியார் 9 கூட்டத்தார் அதில் இடம்பெற்றனர். பின்னால் நம்பியாண்டார் நம்பி அதை அந்தாதியாக விரித்தார்; சுந்தரரையும் அவர் பெற்றோரையும் சேர்த்துத் தனியடியார் 63 என்று ஆயிற்று. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அதாவது 1133-க்கும் 1150-க்கும் இடையில், சேக்கிழார் அதைப் பெரியபுராணமாக்கினார். நம் கோயில் திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் அறுபத்து மூவரும் ஒரு முரட்டு அடியாரின் கோபத்தால் நமக்குக் கிடைத்தவர்கள். அந்த வரிசையில் விறன்மிண்டரும் நிற்கிறார். தம்மைப் புறம்பானவன் என்றவர்க்கும் தாம் அடியேன் என்று சுந்தரர் பாடியிருக்கிறார்.

அடுத்து வந்தது ஏச்சு அன்று, தண்டனை. யாத்திரையாகத் திருவொற்றியூர் சென்றவர் அங்கே சங்கிலியாரைக் கண்டு காதலித்தார். இறைவனையே இடையில் வைத்துப் பேசி மணம் முடிவாயிற்று. பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்பது பெண் பக்கத்து நிபந்தனை. நம்பியாரூரர் ஒரு தந்திரம் செய்தார். சன்னிதியில் சத்தியம் செய்யும்போது பெருமான் அங்கே இராமல் வெளியே மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பெருமானும் ஒப்பினார். ஒப்பியவரே சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழ மரத்தடியில் சத்தியம் வாங்கு என்று சொல்லிவிட்டார்! தோழன்தான், ஆனால் ஒரு பெண்ணை ஏமாற்ற உடன்படும் தோழன் அல்லன்.

சில திங்கள் கழிந்தன. இளவேனில் வந்தது, திருவாரூர் நினைவும் வந்தது. சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரு கண்ணும் இருண்டன.

இனி அவர் நடந்த வழி துயரமானது. திருமுல்லைவாயிலில் பாடினார். திருவெண்பாக்கத்தில், கோயிலுக்குள் இருக்கிறீரா என்றே இறைவனைக் கேட்டார். கண் கிடைக்கவில்லை, ஊன்றுகோல் ஒன்றுதான் கிடைத்தது. (அந்தப் பழைய கோயில் பின்னாளில் பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கியது, இப்போது கோயில் வேறிடத்தில் இருக்கிறது.) காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. திருவாரூரில் வலக்கண் கிடைத்தது. வலக்கண் வேண்டிப் பாடிய திருவாரூர்ப் பதிகத்தைப் படித்தால், கடவுளிடம் இப்படியும் பேசலாமா என்று வியப்போம். பிழை தம்முடையது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அடிமையின் கண்ணைப் பறித்துவிட்டு நீர் சுகமாக வாழ்வது அழகோ என்று குத்திக் காட்டவும் தயங்கவில்லை.

இதைத்தான் கவனிக்க வேண்டும். கடவுள் தண்டித்தபோது வாதாடியவர், அடியார் கண்டித்தபோது ஒரு சொல்லும் எதிர்த்துச் சொல்லவில்லை. நம்மிடம் இது தலைகீழாக அன்றோ இருக்கிறது! கோயிலில் தலை குனிகிறோம். விடுதி அறையில் தோழன் ஒரு குறை சொன்னால் மூன்று நாள் முகம் கொடுப்பதில்லை.

கண் கிடைத்தும் பரவையார் வீட்டுக் கதவு திறக்கவில்லை. ஒற்றியூர்ச் செய்தி அவருக்கு எட்டியிருந்தது. பெரியவர்களைத் தூது விட்டார். அவர் பேச்சை எடுத்தால் உயிரை விடுவேன் என்றார் பரவையார். நள்ளிரவில் நம்பியாரூரர் இறைவனை அழைத்தார். பெருமான் கோயில் அருச்சகர் வடிவில் திருவாரூர்த் தெருவில் நடந்து போய்ப் பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. திரும்பி வந்து சொன்னபோது நம்பியாரூரர் வருந்தி மறுபடியும் வற்புறுத்தினார். பெருமான் இரண்டாம் முறை தேவரும் பூதகணமும் சூழத் தம் சொந்த உருவிலேயே போனார். அப்போதுதான் பரவையார் இசைந்தார். மன்னிப்பு எவ்வளவு அரிய பொருள் என்பது அந்த இரண்டு நடையில் தெரிகிறது. ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஒற்றியூரில் தனித்திருந்த சங்கிலியாரிடம் யார் தூது போனார்? சேக்கிழார் அப்படி ஒரு தூதைப் பாடவில்லை. அடியார் வரலாறு என்பதற்காக இதைக் கேட்காமல் விடுவதற்கில்லை.

இந்தத் தூதுச் செய்தி ஊர் ஊராகப் பரவித் திருப்பெருமங்கலத்துக்கும் போயிற்று. அங்கே இருந்தவர் ஏயர்கோன் கலிக்காமர். சிவனிடம் பேரன்பு உடையவர். ஒரு பெண் காரணமாக ஆண்டவனைத் தெருவில் இருமுறை நடக்கவிட்ட ஒருவன் அடியாராம்! அவனைக் கண்ணால் கண்டால் என்ன ஆகுமோ என்று கொதித்தார். அவர் கோபத்தில் பொறாமை இல்லை. தாம் போற்றும் ஒருவரைப் பிறர் எளிதாக நடத்தக் கண்ட நெஞ்சின் புண் அது. நம்பியாரூரர் செய்தி கேட்டார். குற்றம் தம்முடையதே என்று உணர்ந்து இறைவனிடமே முறையிட்டார்.

இறைவன் செய்த சமாதானம் விசித்திரமானது. கலிக்காமருக்குக் கொடிய சூலை நோயைக் கொடுத்தார். அதைத் தீர்க்க வல்லவன் வன்தொண்டன் ஒருவனே என்றும் தெரிவித்தார். அவன் வந்து தீர்ப்பதைவிட இந்த நோயே மேல் என்றார் கலிக்காமர். நம்பியாரூரர் வருகிறார் என்ற செய்தி வந்ததும், உடைவாளால் வயிற்றைக் கிழித்துக்கொண்டு மாய்ந்தார்.

அந்த வீட்டு அம்மையாரையும் இங்கே நினைக்க வேண்டும். மானக்கஞ்சாறர் மகள் அவர். மணநாளன்று வந்த சிவனடியார் கேட்டார் என்று தந்தை அவர் கூந்தலை அடியோடு அரிந்து கொடுத்தார். இப்போது கணவர் உடல் குருதியில் கிடக்கிறது, வாசலில் விருந்தினர். அழாதீர்கள் என்று வீட்டாரை அடக்கிவிட்டு, முகம் மாறாமல் விருந்தினரை வரவேற்கச் செய்தார். நம்பியாரூரர் நோயாளியைப் பார்க்கவேண்டும் என்றார். நோய் ஒன்றுமில்லை, உறங்குகிறார் என்றனர் ஏவலர். பார்த்தே ஆகவேண்டும் என்று உள்ளே போனவர் கண்டது அந்தக் கோலம்.

அவர் அங்கே விளக்கம் சொல்ல நிற்கவில்லை. இவருக்கு நேர்ந்ததே எனக்கும் ஆகட்டும் என்று அந்த வாளையே கையில் எடுத்தார். அந்தக் கணத்தில், இறைவன் அருளால், மாண்டவர் எழுந்து வாளைப் பற்றிக்கொண்டார். சற்றுமுன் இவன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றவர், இவன் சாகக் கூடாது என்று கையைப் பிடித்தார்! நம்பியாரூரர் அவர் காலில் விழுந்தார். கலிக்காமரும் வாளை எறிந்துவிட்டு அவர் காலில் விழுந்தார். பிறகு எழுந்து தழுவிக்கொண்டனர். யார் யாரை மன்னித்தார் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இருவரும் சேர்ந்து திருப்புன்கூர் போனார்கள். அங்கே பாடிய பதிகத்தில், ஏயர்கோன் நோய் தீர்ந்ததையும், மழைக்காகப் பன்னிரு வேலி நிலம் கொடுக்கப்பட்டதையும் சுந்தரர் தம் வாயாலேயே குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே கலிக்காமர் பெயர் சேக்கிழார் புனைந்ததன்று. பகை தீர்ந்தவர் பெயரைத் தம் பாட்டில் நிறுத்தியவர் சுந்தரரே. திருத்தொண்டத் தொகையிலும் ஏயர்கோன் கலிக்காமர் இருக்கிறார். சேக்கிழார் சொல்லும் வரிசைப்படி அந்தத் தொகை இந்தப் பூசலுக்கு முன்பே பாடப்பட்டது. அப்படியானால், தம்மை வெறுக்கப்போகும் ஒருவருக்கு அவர் முன்கூட்டியே அடியேன் ஆகியிருந்தார்!

அவருடைய மற்றொரு நட்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சேரமான் பெருமாள் அரசர். நம்பியாரூரரைத் தேடித் திருவாரூர் வந்து, தம் கொடுங்கோளூருக்கு அழைத்துப்போய்ப் பலநாள் வைத்திருந்தார். அந்த நட்பில் பூசல் ஒன்றும் இல்லை. அதனால்தான் சொல்லவும் நமக்கு அதிகம் இல்லை.

இரண்டாம் முறை சேரநாடு சென்றிருந்தபோது, ஓர் ஆடிச் சுவாதியன்று, திருவஞ்சைக்களத்தில் வாழ்க்கை போதும் என்று பாடினார். கயிலையிலிருந்து வெள்ளை யானை வந்தது. அவருக்கு அப்போது வயது 18 என்பது வழிவழி வழக்கு. தோழர் போகிறார் என்று அறிந்த சேரமான், குதிரையின் காதில் திருவைந்தெழுத்தை ஓதி, யானைக்குப் பின்னே விண்வழியில் விரைந்தார். போகும் வழியிலும் சுந்தரர் ஒரு பதிகம் பாடினார். அது மண்ணுலகத்தார் கையில் சேரவேண்டும். அந்த ஓலையை அவர் கடலரசனிடம் ஒப்படைத்தார். கடல் அதைக் கொண்டுவந்து திருவஞ்சைக்களத்தில் சேர்த்தது.