புலியைச் சுட்டவரே புலிக்குக் காவல்!

அது 1907-ம் ஆண்டு. இமயமலைச் சாரலில் குமாயூன் பகுதி. அங்கே சம்பாவத் வட்டாரத்தில் பட்டப்பகலிலும் கதவைத் திறக்க மக்கள் பயந்தார்கள்.

காரணம், ஒரு பெண்புலி!

முதலில் நேபாளத்தில் ஆட்களை அடித்துத் தின்றது. அங்கிருந்து விரட்டினார்கள். எல்லை தாண்டிக் குமாயூனுக்கு வந்தது. மொத்தம் 436 பேர் அதற்குப் பலி ஆனார்கள்.

அதைச் சுட ஒருவர் வந்தார். அவர்தான் ஜிம் கார்பெட்.

வெள்ளைக்காரர், ஆனால் பிறந்தது இமயமலையில் உள்ள நைனிடாலில் (1875). காட்டிலேயே வளர்ந்தவர். ரெயில்வேயில் வேலை பார்த்தார். புலியைச் சுட வரும்போது இரண்டு நிபந்தனை போட்டார். அறிவித்த பரிசுப் பணத்தை ரத்து செய்ய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்கள் விலக வேண்டும். காசுக்குச் சுடுகிறவர் என்ற பெயரை அவர் விரும்பவில்லை.

புலி செத்து விழுந்தது. ஊரே மகிழ்ந்தது. கார்பெட் அதன் வாயைத் திறந்து பார்த்தார்.

உடைந்த பல்

வலது பக்கத்துக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. எப்போதோ, எவனோ சுட்ட துப்பாக்கிக் குண்டு! பல் போனதால் மானை அடிக்க முடியவில்லை. புலி மனிதனைத் தேடி வந்தது. மான் ஓடித் தப்பும். மனிதன் எங்கே ஓடுவான்?

பிறகு அவர் சுட்ட வேறு சில ஆட்கொல்லிகளின் உடம்பிலும் பழைய குண்டுக் காயம் இருந்தது. சிலவற்றில் முள்ளம்பன்றி முள் தைத்திருந்தது. புலி பிறக்கும்போதே ஆட்கொல்லி அல்ல என்று அவர் கண்டார். 436 உயிர் போனதில் மனிதனுக்கும் பங்கு இருந்தது.

கார்பெட் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1930-ல்கூட, மனிதனைத் தொடாத பெரிய புலி ஒன்றை வேட்டை ஆசையால் சுட்டார்.

ஆனால் மெல்ல மெல்லத் துப்பாக்கி இருந்த கைக்குக் கேமரா வந்தது. படம் எடுப்பது சுடுவதை விடக் கஷ்டம்! கேமரா ஓடும் சத்தம் கேட்டதும் புலி ஓடிவிடும். அவர் என்ன செய்தார் தெரியுமா? காட்டு ஓடையில் சின்னச் சின்ன அணை கட்டினார். தண்ணீர் விழும் சத்தத்தில் கேமரா சத்தம் மறைந்தது. புலிகள் அருகே வந்தன. 1938-ல் ஒரே இடத்தில் ஏழு புலிகளைப் படம் பிடித்தார்.

பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டைப் பற்றிப் பேசினார். ராமகங்கை ஆறு பாயும் காட்டை வன விலங்குப் பூங்கா ஆக்கப் பாடுபட்டார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அங்கே பிறந்தது. உள்ளே வேட்டைக்குத் தடை!

1944-ல் வந்த அவருடைய புலி வேட்டைப் புத்தகம் உலகப் புகழ் பெற்றது. புலி இனமே அழிந்துவிடுமோ என்ற கவலையும் அதில் உண்டு.

1947-ல் அக்கா மேகியுடன் ஆப்பிரிக்காவில் உள்ள கென்யாவுக்குப் போனார். 1955-ல் அங்கேயே இறந்தார். பூங்காவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

அவர் கவலை வீண் அல்ல. 1972-ல் இந்தியா முழுவதும் புலிகளை எண்ணினார்கள். 1,827 புலிகளே இருந்தன! மறு ஆண்டு, புலிகளைக் காக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. தொடங்கிய இடம், கார்பெட் பூங்கா.