அவ்வை இல்லம் கண்ட அன்னை

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் தோன்றினார். தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் தலைவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆகவே, பிறப்பைச் சுட்டிப் பேசும் ஊர்வாய் எத்துணைக் கொடிது என்பதை அம்மையார் இளமையிலேயே உணர்ந்தார். கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் அதனைப் பொருட்படுத்தாது இடமளித்தார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானார். சிறுமியர்க்குக் கோயிலில் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே அயராது வாதாடினார். 1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அப்பதவியைத் துறந்தார். அவ்வழக்கத்தை அறவே விலக்கிய சட்டம் 1947இல் நிறைவேறிற்று.

அந்நாளில், அவ்வழக்கிற்கு அஞ்சி வெளியேறிய சிறுமியர் மூவர் அம்மையாரின் வாயிலை அடைந்தனர். அவர்கள் தங்கிப் படிக்க விடுதிகளில் இடம் கேட்டார். குலத்தைக் காட்டிக் கதவடைத்தனர். சட்டம் செய்வது ஒன்று. சமூகத்தின் மனம் திறப்பது வேறொன்று என்பது அப்போது விளங்கிற்று. அம்மையார் அச்சிறுமியரைத் தம்மிடமே வைத்துக் காத்தார். அதுவே சென்னை அடையாற்றில் இன்றும் திகழும் அவ்வை இல்லத்தின் வித்து.

அப்பெயரின் அருமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அதில் அநாதை என்ற சொல் இல்லை. தமிழ்க் குழந்தை எழுத்தறியும் நாளிலேயே அறிந்துகொள்ளும் மூதாட்டியின் பெயரை அம்மையார் அவ்வில்லத்திற்குச் சூட்டினார். சோறும் கூரையும் அளித்தால் பசி தீரும், பழி தீராது. கல்வியும் தொழிலும் கொடுத்துத் தலைநிமிர்ந்து நடக்கச் செய்தாலன்றோ பழி நீங்கும்! 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிவைத்த அம்மையார், 1956இல் பத்மபூஷண் விருது பெற்று, 1968இல் மறைந்தார்.

அன்பர்களே! ஊர்விட்டு வந்து வாழும் நமக்கு, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று வினவுவது இயல்பு. தமிழர் ஒருவரைக் கண்ட மகிழ்ச்சியில் கேட்கிறோம். ஆயினும், இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அக்கேள்வி முள்ளாய்த் தைக்கும். வேலைக்கான விண்ணப்பத்தில் தகப்பனார் பெயர் எழுதும் கட்டத்திற்கு வந்ததும் தயங்கி நிற்கும் கை அவனுடையது. அத்தகைய இளைஞன் நம் குடியிருப்பிற்கு வந்தால், என்ன படித்தாய், என்ன வேலை அறிவாய் என்று கேட்போம். பந்தியில் நம் பிள்ளைகளோடு அமர்த்துவோம். அதுவே அம்மையார்க்கு நாம் செய்யும் வணக்கம்.