சூரியனைக் கணக்குப் போட்ட மளிகைக்கடைக்காரர் மகன்

தெர்மல் புத்தகத்தில் என்ட்ரோபி என்ற சொல் வந்தாலே பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். அதை வைத்தே சூரியனை ஆராய்ந்தவர் டாக்டர் மேக்நாத் சாஹா.

1893 அக்டோபர் 6-ல், இன்றைய பங்களாதேஷில் டாக்கா அருகே சியோரத்தலி கிராமத்தில் பிறந்தார். அப்பாவுக்குச் சின்ன மளிகைக்கடை. மகன் கடையில் உட்கார்ந்தால் போதும் என்பது அவர் எண்ணம். கம்பெனிக்குப் போனா மாசச் சம்பளம் வருமே, டிப்ளமோ எதுக்குன்னு எங்க பக்கமும் சொல்றாங்க. குடும்பத்தில் முதலில் படிக்க வந்த எனக்கு இது புரிகிறது.

அடுத்த பள்ளிக்கூடம் வெகுதூரம். அங்கே ஒரு டாக்டர் வீட்டில் தங்கி, தன் தட்டைத் தானே கழுவி, மாட்டையும் பார்த்துக்கொண்டு படித்தார். 1905-ல் டாக்கா பள்ளியில் சேர்ந்தார். வங்கப் பிரிவினைப் போராட்டத்தில் கலந்துகொண்டதால் பள்ளியை விட்டு நீக்கினார்கள், உதவித்தொகையும் போச்சு. வேறு பள்ளியில் படித்து, 1911-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிக்கு வந்தார். ஹாஸ்டலில் சாதி பார்த்து ஒதுக்கினார்கள். படிப்பில் ஒதுக்க முடியவில்லை.

1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். வெப்ப இயக்கவியலைத் தானே படித்துப் பாடம் நடத்தினார்.

ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வேண்டும். ஒரு கிராம் கொதிநீர் ஆவியாக 540 கலோரி. அதுவரை தெர்மாமீட்டர் ஏறாது. அந்த வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் வருவதுதான் என்ட்ரோபி ஏற்றம். ஐஸுக்குச் சுமார் 0.29, ஆவிக்குச் சுமார் 1.45. ஆவியில் மூலக்கூறுகள் இஷ்டத்துக்குத் திரிவதால் இத்தனை வித்தியாசம். அழுத்தம் குறைந்தால் கொதிப்பதும் சுலபம். ஊட்டியில் சோறு வேக நேரமாவது அதனால்தான். அங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும்.

அணுவிலிருந்து எலக்ட்ரான் கழல்வதையும் சாஹா இதே வழியில் கணக்கிட்டார். ஒரு துகள் இரண்டாகும்போது என்ட்ரோபி கூடும். அழுத்தம் குறைந்தால் இன்னும் கூடும். சூரியனின் மேல் வாயு மண்டலத்தில் கால்சியம் ஏன் அயனியாக இருக்கிறது என்பதற்கு 1920-ல் விடை கிடைத்தது. நட்சத்திர ஒளியைப் பார்த்தே அதன் வெப்பநிலையைச் சொல்ல வழி பிறந்தது. நம்ம பென்னலூர் பக்கத்துப் பட்டறைகளில் வெல்டிங் ஆர்க் எரிவதும் அயனியான வாயுவில்தான்.

1927-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். கல்கத்தாவில் அவர் அமைத்த அணு இயற்பியல் நிலையம் 1950-ல் திறக்கப்பட்டது. 1952-ல் தேர்தலில் வென்று எம்.பி. ஆனார். 1956 பிப்ரவரி 16 அன்று டில்லியில், திட்டக்குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் காலமானார்.

நண்பர்களே, ஐஸ் உருகும்போது தெர்மாமீட்டர் அசையாது. ஆனால் உள்ளே வேலை நடக்கிறது. மார்க் ஏறவில்லையே என்று படிப்பை விட நினைப்பவர்கள் சாஹாவை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்!