கருமான் மகன் பாரடே

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ம் வருஷத்தில். அதற்குச் சரியாக நூறு வருஷங்களுக்கு முன், காந்தத்தைக் கொண்டு மின்சாரத்தை உண்டாக்கலாமென்று கண்டவர் மைக்கேல் பாரடே. இது பலரும் அறிந்ததே. ஐப்பசி மாதத்து இடிமழையில் பல்லாவரத்தைக் கடக்கும் ரயில் வண்டிக்குள் ஜனங்கள் மின்னலுக்கு அஞ்சாமல் அமர்ந்திருக்கலாமே, அதன் காரணத்தைச் சோதித்துக் காட்டியவரும் அவரே என்பதைச் சிலரே அறிவர்.

பாரடே 1791-ல், லண்டனையடுத்த நியூவிங்டனில், ஏழைக் கருமான் ஒருவரின் மகனாகப் பிறந்தார். எழுதப் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 14-வது வயதில் புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். கையிலிருந்த சொற்பக் காசைக் கொண்டு மின்சார யந்திரமொன்றைத் தாமே செய்து பார்த்தார். 1812-ல் ஸர் ஹம்ப்ரி டேவியின் பிரசங்கங்களைக் கேட்டு, எழுதிய குறிப்புகளைத் தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். மறு வருஷம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவியின் உதவியாளரானார்.

இரு மின்னேற்றங்களுக்கு இடையேயுள்ள தூரம் இரு மடங்கானால் அவற்றின் விசை நாலில் ஒரு பங்காகக் குறையுமென்று பிரெஞ்சு எஞ்சினீயர் கூலோம் 1785-ல் அளந்து காட்டியிருந்தார். ஆனால் அவ்விசை ஒன்றிலிருந்து மற்றொன்றை எட்டுவது எவ்வாறு? இடையிலுள்ள வெளியே அதைத் தாங்கிச் செல்கிறதென்றார் பாரடே. உயர்தரக் கணிதம் பயிலாதவரின் கூற்றென்று பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் மாக்ஸ்வெல் அதற்குக் கணித உருவம் தந்தபோது உலகம் ஒப்புக்கொண்டது.

1836-ல் பன்னிரண்டடி அளவுள்ள கூண்டொன்றைக் கட்டி, உலோகக் கம்பியும் தகடும் வேய்ந்து, தரையில் படாமல் நிறுத்தினார். அதில் பலத்த மின்சாரத்தை ஏற்றச் செய்து, தாமே உள்ளே புகுந்தார். வெளியே தீப்பொறிகள் பறந்தன. உள்ளேயிருந்த நுட்பமான கருவிகளோ அசையவில்லை. ஏற்றம் முழுவதும் வெளிப்பரப்பிலேயே நின்றது. ரயில் வண்டியின் உலோகக் கூடும் மின்னலை இவ்வாறே தன் வெளிப்புறமாகத் தரைக்குக் கடத்திவிடுகிறது.

ராயல் சொஸைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தும் அதை ஏற்காத பாரடே 1867-ல் காலமானார்.

கிண்டியிலும் குரோம்பேட்டையிலும் பட்டறைகளில் தொழில் பழகும் இளைஞர் எத்தனையோ பேர். பள்ளியை விட்டதோடு அவர்கள் அறிவு முடிந்ததென்று நாம் எண்ணிவிடுகிறோம். அந்தப் புத்தகக் கடை எஜமானர் அவ்வாறு எண்ணவில்லை. பையனைப் படிக்க விட்டார். பொதுத் தொண்டில் இறங்கியிருக்கும் நண்பர்கள், வேலை முடிந்து வரும் இவ்விளைஞருக்காக இரவில் திறந்திருக்கும் வாசகசாலை ஒன்றையேனும் தத்தம் ஊரில் நிலைபெறச் செய்வார்களாக.